பாட்டுப் பெட்டி இருக்கிறது, பிரேக்?

பழைய கார் விற்கிறவர்கள் சொல்லும் பொய்களை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பொய் வியாபாரத்தோடு கூடப் பிறந்தது. "ஒரே கை ஓட்டின வண்டி", "டாக்டர் வைத்திருந்தது", "வாரம் ஒரு நாள் கோயிலுக்குப் போய்வர மட்டும் எடுத்தது" என்று அவர்கள் சொல்லும்போது நாமும் நம்புகிறவர்களைப் போலத் தலையை ஆட்டுகிறோம். எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பார்த்தால், தமிழ்நாட்டில் டாக்டர்களைவிட டாக்டர் ஓட்டிய கார்களே அதிகம் என்று ஏற்படும். போகட்டும்; அதனால் யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை.

அவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயந்தான் எனக்குக் கோபத்தை மூட்டுகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கார் விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். நிறம் இருக்கும். எத்தனையாவது கை என்று இருக்கும். இன்ஷூரன்ஸ் எதுவரை, டயர் எத்தனை புதிது, சீட் உறை எந்தத் தினுசு, பாட்டுப் பெட்டியில் தொடுதிரை உண்டா, பின்னால் காமிரா உண்டா என்றெல்லாம் இருக்கும். இந்த வண்டி மழை நனைந்த இறக்கத்தில் எப்படி நிற்கும், நிற்பதற்கு அதில் என்னென்ன சாதனங்கள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இராது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அச்சடித்த மாதிரி!

குன்னூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், ராத்திரியில் அவசரமாகக் கோயமுத்தூருக்குக் கொண்டு போகும்படி நேர்ந்தால் வாடகை வண்டியை எங்கே தேடுவது என்று ஒரு பழைய கார் பார்த்தார். நானும் கூடப் போயிருந்தேன். டிசம்பர் மாதம். தரகர் இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"ஏ.பி.எஸ். இருக்கா தம்பி?" என்று நண்பர் கேட்டார்.

"ஏ.சி. இருக்கு சார். போட்டா ஜில்லுன்னு இருக்கும்."

கம்பளிச் சட்டையும் காதை மூடிய மப்ளருமாக நின்ற எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துக் கொண்டேன். குன்னூர்க் குளிரில் ஏ.சி.யைப் பற்றி இவ்வளவு பெருமையாக ஒரு மனிதர் பேசுவதை அன்றுதான் கேட்டேன்.

"ஏ.சி. இல்லப்பா. ஏ.பி.எஸ்., பிரேக்."

"பிரேக்கெல்லாம் கும்முனு இருக்கு சார். போன வாரந்தான் பேடு மாத்தினோம்."

"அது சரி தம்பி. ஏ.பி.எஸ். உண்டா, இல்லையா?"

"இந்த மாடல்ல எல்லாத்துலயும் வரும் சார்."

வருவதில்லை. அந்த மாடலில் மூன்று வகை விற்றார்கள். மேல்வகையில் மட்டும் அது உண்டு. எங்கள் முன்னால் நின்றது நடுவகை. தரகரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. ஆறு வருஷம் அந்த வண்டியில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு போனவருக்கே தெரியாது என்றால், இதில் தனி மனிதரின் பொய்யைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

சமவெளியில் இருக்கிற வாசகர்களுக்கு இதன் அவசரம் சட்டென்று விளங்காது. சென்னையில் வண்டி நிற்காவிட்டால் முன்னால் நிற்கும் வண்டியின் முதுகில் போய் முட்டும். இறங்கி நின்று சண்டை போடலாம். குன்னூர்ப் பாதையில் முட்டுவதற்குக்கூட எதுவும் இல்லாத இடங்கள் இருக்கின்றன. குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டரில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் இறங்கியாக வேண்டும். நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேர் உட்கார்ந்த ஒரு சிறிய கார், ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். அது அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் உஷ்ணமாக மாற்றினால், ஏறக்குறைய 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று! எஞ்சினும் காற்றும் அதில் பங்கு வாங்கிக் கொள்ளாவிட்டால், அத்தனையும் சக்கரத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பிரேக்குகளின் தலையில்தான் விழும். அத்தோடு மழையைச் சேர்த்துக் கொள்ளுங்கள். தைல மரத்து இலைகள் நனைந்து சாலையில் ஒட்டிக் கிடப்பதைச் சேர்த்துக் கொள்ளுங்கள். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு பத்தடிக்கு முன்னால்தான் தெரிகிற மூடுபனியையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இந்த மலைக்கு ரயில் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது. 1908-ல் ஊட்டியை எட்டியது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற சரிவு. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் அந்தச் சரிவைப் பிடிக்காது என்று, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டையைப் போட்டார்கள். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கொண்டு ஏறுகிறது. கவ்விக் கொண்டே இறங்குகிறது. அந்தப் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமாகவே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். போதாததற்கு ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கத் தனியாக ஓர் ஆள். கல்லாறு ஸ்டேஷனில் வேடிக்கை பார்க்கிற பையன்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, இந்த ரயில் எதனால் ஏறுகிறது, எதனால் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். பல் வெளியே தெரிகிறது!

காரில் எதுவும் வெளியே தெரிவதில்லை. ஏ.பி.எஸ். என்பது என்ன? பயந்து போய் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக் கொள்ளும். வண்டி நிற்காது, சறுக்கும். சறுக்குகிற வண்டிக்கு ஸ்டீயரிங் என்ற ஒன்று இருந்தும் இல்லாத கணக்குத்தான். நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது முன்பு போன வழியிலேயே போகும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சிறு கருவி அதன் சுழற்சியைக் கவனித்துக் கொண்டிருக்கிறது. பூட்டப் போகிறது என்று தெரிந்தவுடன் ஒரு விநாடிக்குள் பல தடவை பிடியைத் தளர்த்தியும் இறுக்கியும் சக்கரத்தைச் சுழல விடுகிறது. சக்கரம் சுழல்வதால் ஸ்டீயரிங் உயிரோடு இருக்கிறது. பள்ளத்தை விட்டு மலைப் பக்கமாக வண்டியைத் திருப்ப முடிகிறது. மலைப் பாதையில் இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதற்கு உறவுக்காரர்கள் சிலர் உண்டு. சுமைக்குத் தகுந்தபடி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிடியைப் பங்கிடுவது ஒன்று. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் அடக்குகிற 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் திருப்புகிற திசையும் வண்டி போகிற திசையும் வேறுபட்டால், தானாகவே ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்குகிற நிலைகாப்பு. இதை ஒரு கம்பெனி ஈ.எஸ்.பி. என்கிறது, இன்னொன்று ஈ.எஸ்.சி. என்கிறது, வேறொன்று தன் சொந்தப் பெயர் சூட்டுகிறது. ஒரே பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு வேறு பெயர். வாங்குகிறவன் குழம்பிப் போக இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் நேற்று முளைத்த வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி செய்த ஏ.பி.எஸ். 1978-லேயே மெர்ஸிடிஸ் காரில் ஏறிவிட்டது. நிலைகாப்பு 1995-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஸ்வீடன் தேசத்தில் ஒரு மோட்டார் பத்திரிகைக்காரர்கள், சாலையின் குறுக்கே காட்டு மான் ஓடிவந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக ஒரு புதிய சின்ன மெர்ஸிடிஸைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினார்கள். வண்டி கவிழ்ந்து விட்டது. உலகம் சிரித்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி வைத்துவிட்டு, பெரிய கார்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த நிலைகாப்பை அந்தச் சின்னக் காருக்கும் பொருத்திக் கொடுத்தது. ஒரு பத்திரிகை செய்த காரியம் அது! மான் குறுக்கே ஓடுவது ஸ்வீடனில் மட்டும் நடக்கிற சங்கதியா? கோத்தகிரிச் சாலையில் காட்டெருமை நிற்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! இங்கே எந்தக் கம்பெனிக்கும் அந்த மாதிரி வெட்கம் ஏற்படும்படி நாம் செய்யவில்லை.

நம்மூரில் நடந்ததோ வேறு. ஒரே காரை மூன்று நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்துக்களில் ஒரு ஜாதி வைத்தார்கள். கீழ் ஜாதிக்குப் பிரேக் மட்டும். மேல் ஜாதிக்கு ஏ.பி.எஸ். 2005-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் வி.எக்ஸ்.ஐ. என்று ஒரு வகை, ஏ.பி.எஸ். சேர்ந்த வி.எக்ஸ்.ஐ. என்று இன்னொன்று. வெளித் தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இந்த ஒரு கம்பெனியை மட்டும் சொல்வது அநியாயம்; கடையை விரித்த அத்தனை பேரும் இதே தராசில்தான் நிறுத்தார்கள். பல வண்டிகளில் ஏ.பி.எஸ். வேண்டுமானால் மேல்வகையைத்தான் வாங்க வேண்டும். மேல்வகை என்றால் கூடவே பளபளக்கும் சக்கரமும் பாட்டுப் பெட்டியும் வந்து சேரும். உயிரை வாங்கப் போனவன் பாட்டுப் பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டும்! அதற்குப் பணம் இல்லாதவன் இரண்டும் இல்லாமல் போக வேண்டும். 'ஜனங்கள் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவில்லை' என்று சமாதானம் சொன்னார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்காருகிறவன், 'சோற்றில் கல் இல்லாமல் போடுங்கள்' என்று தனியாகச் சொல்லிக் கேட்கிறானா?

கடைசியில் சட்டம் வந்தது. 2018 ஏப்ரல் முதல் புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று ஆயிற்று. ஜெர்மனியில் வந்து 41 வருஷங்களுக்குப் பிறகு! சந்தோஷம். ஆனால் அந்தச் சட்டம் ஏற்கெனவே சாலையில் ஓடிக் கொண்டிருந்த வண்டிகளைத் தொடவில்லை, தொடவும் முடியாது. அந்த வண்டிகள்தாம் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை என்று கைமாறிக் கொண்டிருக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் சமதரையில் ஓடிச் சலித்த கீழ்வகை வண்டியை அங்கே ஒருவர் கழித்துக் கட்டுகிறார். அது மலை ஏறி வந்து, நீலகிரியில் முதன்முதலாகக் கார் வாங்குகிற ஒரு குமாஸ்தா வீட்டு வாசலில் நிற்கிறது. எந்தச் சாதனம் சமவெளியில் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லையோ, அது இல்லாத வண்டி, அது மிகவும் வேண்டிய இடத்துக்கு வந்து சேருகிறது.

சர்க்காராவது இதைச் சொல்கிறதா? வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். நிறம், எடை, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை, எந்த மாதம் எந்த வருஷம் செய்தது என்பது எல்லாம் உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுகூட உண்டு. அந்தச் சக்கரங்கள் எப்படி நிற்கும் என்பது மட்டும் இல்லை. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்குள் எந்த அதிகாரியும் வண்டியைத் தகுதி பார்க்கக் கூப்பிடுவதில்லை. 29-ஆம் நம்பர் பாரமும் 30-ஆம் நம்பர் பாரமும் கையெழுத்தானால் வண்டி கைமாறிவிடுகிறது. பழைய வண்டி வியாபாரிகள் அதிகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதி செய்து, 2023 ஏப்ரலிலிருந்து அமலுக்குக் கொண்டு வந்தது. நல்ல விதிதான். வியாபாரியின் பேரில் வண்டி எங்கே போயிற்று என்று எழுதி வைக்கச் சொல்கிறது. அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல விதியாக இருந்திருக்கும்.

நீலகிரிக்குள் நுழைகிற சோதனைச் சாவடிகளில் பைகளைப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் இருந்தால் பிடுங்கிக் கொள்கிறார்கள். மிகவும் சரியான காரியம். 2024 மே 7 முதல் ஹைகோர்ட்டு உத்தரவின்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடை காலத்தில் சாதாரண நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று எல்லையும் கட்டினார்கள். அதுவும் சரி. எத்தனை வண்டி என்று எண்ணுகிறோம். எப்படிப்பட்ட வண்டி என்று ஒருவரும் கேட்பதில்லை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து ஏழு பேர் வந்த கார், 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையில் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தது. ஐந்து பேர் இறந்து போனார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த விபத்துக்கு இன்ன சாதனம் இல்லாததுதான் காரணம் என்று சொல்வது என் நோக்கமல்ல. விழுந்த பிறகு பாதையை அடைப்பதில் இருக்கிற சுறுசுறுப்பில் கால் பங்கு, விழுவதற்கு முன்னால் வண்டியைப் பார்ப்பதில் இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

அதுவரையில் வாங்குகிறவனே பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். முதலில் எதை நம்பக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பின்கதவில் ஒட்டியிருக்கும் ஏ.பி.எஸ். என்ற எழுத்தை நம்பாதீர்கள். அது கடையில் கிடைக்கிற சாமான். வண்டியோடு வரும் கையேட்டையும் முழுக்க நம்பாதீர்கள். ஒரே புத்தகத்தை எல்லா வகைக்கும் அச்சடித்து, 'இருந்தால்' என்று பொடி எழுத்திலோ ஒரு நட்சத்திரக் குறியிலோ தப்பித்துக் கொள்வார்கள்.

வண்டியில் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். முன் பலகையில் எல்லா விளக்குகளும் எரியும். அவற்றில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கும் எரிந்து, சில விநாடிகளில், அல்லது வண்டி கொஞ்சம் நகர்ந்ததும், அணைய வேண்டும். எரிந்து கொண்டே இருந்தால் சாதனம் உண்டு, பழுது. எரியவே இல்லை என்றால் ஒன்று சாதனமே இல்லை. அல்லது பழுதை மறைப்பதற்காக விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் சாமர்த்தியசாலிகள் அந்த விளக்கின் கம்பியை வேறொரு விளக்கோடு முடிந்து வைப்பார்கள்; இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். அதனால் மற்ற விளக்குகள் எப்போது அணைகின்றன என்றும் பாருங்கள். வண்டி சறுக்குவது போல ஒரு படமும் கீழே இரண்டு நெளிகோடும் உள்ள விளக்கு வந்து போனால் நிலைகாப்பு இருக்கிறது. அதே படத்தோடு அதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தானும் பெரும்பாலும் இருக்கும்.

பிறகு பானெட்டைத் தூக்குங்கள். பிரேக் எண்ணெய்க் குப்பியிலிருந்து குழாய்கள் எங்கே போகின்றன என்று விரலால் தொடர்ந்து போங்கள். ஏ.பி.எஸ். இருந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியக் கட்டி அகப்படும். இரண்டு குழாய்கள் அதற்குள் போகும். நாலு குழாய்கள் நாலு சக்கரத்துக்குப் புறப்படும். சக்கரத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் மெல்லிய மின்கம்பி ஒன்று வந்து முடியும். இதைப் பார்ப்பதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலை இல்லாமல் இருந்தால் போதும். அப்படியும் சந்தேகம் இருந்தால் சேஸிஸ் நம்பரை எடுத்துக் கொண்டு கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். அந்த நம்பருள்ள வண்டி எந்த வகையாகத் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். அங்கே ஸ்கேனரை மாட்டினால், விளக்கு மறைத்த பழுதுகூடப் பேசிவிடும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு இந்த மலை நல்ல பரீட்சை மண்டபம். மேல் குன்னூருக்குப் போகிற ஏதாவது ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். இரண்டு விநாடி வண்டி பின்னால் உருளாமல் நின்றால், ஏற்றத்தில் பிடித்து வைக்கும் சாதனம் உண்டு. அது உள்ள வண்டியில் பெரும்பாலும் நிலைகாப்பும் உண்டு. ஏ.பி.எஸ்.ஸைச் சோதிக்க, யாரும் இல்லாத ஈர மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். காலடியில் பெடல் தடதடவென்று உதறும். அதுதான் அடையாளம். இதைத் தெரியாத பலர், அபாய வேளையில் அந்த உதறலைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். காலை எடுத்தவனுக்கு எந்தச் சாதனமும் உதவாது.

தோட்டத்து ஜீப்புகளின் கதை தனி. தேயிலைக் காட்டுக்குள் போகிற மண் வழியில் மழைக் காலத்தில் நாலு சக்கரமும் இழுக்காவிட்டால் வண்டி நகராது. அதனால் 'ஃபோர் வீல்' என்ற சொல்லுக்கு இங்கே ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதல் மதிப்பு. சொல்லுக்குத்தான்! வெளித் தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள்தாம் அதிகம் விற்றன. கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தடியோ, பலகையில் ஒரு திருகுக் குமிழோ இருக்க வேண்டும். அதையும் நம்பாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு என்று ஒரு தனி இரும்புத் தண்டு ஓடி, முன் அச்சில் குடம் போன்ற ஓர் உருண்டையில் முடிய வேண்டும். சில வண்டிகளில் தடி இருக்கும், தண்டு இருக்காது. எப்போதோ உடைந்ததைக் கழற்றி வைத்துவிட்டு மறந்து போயிருப்பார்கள்.

இனி எதிர்க் கட்சிக்காரர்கள். நாற்பது வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிற டிரைவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அதெல்லாம் என்னாத்துக்குங்க? ரெண்டாவது கியரைப் போட்டு இறங்கினா வண்டி தானா நிக்குது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் முக்கால் பங்கு நியாயம் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போகச் சொல்லிப் போலீஸாரே பலகை வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக் கொண்டு, பிரேக்கைத் தேய்த்துத் தேய்த்து இறங்குகிற புத்திசாலியை எந்த ஏ.பி.எஸ்.ஸும் காப்பாற்றாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்குகிற சாதாரண எண்ணெய், ஈரம் ஏறிப் பழசானால் 140 டிகிரிக்கே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. சரளைக் கல்லிலோ ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்பதற்கு இன்னும் சற்று அதிக தூரமே பிடிக்கும். இதெல்லாம் உண்மை. மீதிக் கால் பங்குக்கு வருகிறேன். மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று எதிரே ஒரு லாரி முளைக்கும்போது, நாற்பது வருஷ அனுபவம் உள்ள காலும் ஓங்கித்தான் மிதிக்கும். அந்த ஒரு விநாடிக்குத்தான் இந்தச் சாதனம். அதைத் தாயத்தாகக் கட்டிக் கொள்ளச் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று தெரிந்து கொண்டு ஓட்டச் சொல்கிறேன். இல்லாத வண்டியைத் தெரிந்தே வாங்கி, தெரிந்தே நிதானமாக ஓட்டுகிறவனோடு எனக்கு வழக்கே கிடையாது.

மேல் மாடியைத் திறந்து வானத்தைப் பார்க்கிற கண்ணாடிக்கு முப்பதாயிரம் கூடக் கொடுக்கச் சம்மதிக்கிற கனவான்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். விலை பேசி முடிந்து, முன்பணம் கொடுக்கும்போது ஒரு ரசீது எழுதுகிறார்கள் அல்லவா? அந்தக் காகிதத்தில் இரண்டு வரி கூட எழுதச் சொல்லுங்கள். 'மேற்படி சேஸிஸ் நம்பருள்ள வண்டியில் ஏ.பி.எஸ். உண்டு அல்லது இல்லை. நிலைகாப்பு உண்டு அல்லது இல்லை. இருப்பவை வேலை செய்கின்றன. இல்லாதிருந்தால் பணம் வாபஸ்.' கீழே தேதியும் கையெழுத்தும். நேர்மையான வியாபாரிக்கு இதில் மை செலவைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்கிறவரிடம் முன்பணத்தை எண்ணி வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். வருகிற வழியில் தேநீர் குடிக்கக் குன்னூரில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.